கருவாட்டு வாடை என்று விட்டுவிடாதீர்கள்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் இயற்பியல் ஆய்வகங்களுக்குத் தீப்பாதுகாப்பு ஆய்வுக்குப் போனால், "எத்தனை சிலிண்டர் மாட்டணும் சார்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தீயணைக்கும் சிலிண்டர் பேச்சு அப்புறம். நான் முதலில் கேட்பது மின்பெட்டியின் சாவியை.

வேதியியல் ஆய்வகத்தில் எரியக்கூடிய பொருள் பாட்டிலில் பெயர் ஒட்டி கண்ணெதிரே இருக்கும். இயற்பியல் ஆய்வகத்தில் கண்ணுக்குத் தெரிவது கருவிகள் மட்டும்: மின் உலை, வெற்றிடப் பம்ப், லேசர், மின்தேக்கிகள். இவற்றில் பல ராத்திரி பகலாக ஓடுபவை. அதோடு நம் ஊர்க் காற்று. ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தாலும் கார்த்திகையில் வடக்கிலிருந்து வாடைக்காற்று அடித்தாலும் உப்பைச் சுமந்துதான் வரும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். பகலில் மின்பெட்டிக்குள் தூளாகப் படிந்தது, இரவில் உப்புநீர்ப் படலமாகிச் செம்பை அரிக்கும்.

பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பியும் அதன் முனையில் மாட்டும் உலோகக் கொண்டியான லக்கும் சேரும் இடத்தில் பச்சை பூத்திருக்கும். திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி. மேலே மாட்டிய ஸ்லீவ் பழுப்பேறி, நகம் பட்டாலே முட்டை ஓடு மாதிரி உதிரும். அந்த இணைப்பில் மின்தடை ஏறிவிட்டது என்று பொருள். 30 ஆம்பியர் ஓடும் இடத்தில் தடை 0.1 ஓம் கூடினாலே 90 வாட் வெப்பம், அதுவும் விரல்நுனி அளவு இடத்தில். மேசையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். லோடு மிஞ்சினால் தானாக விழும் ஸ்விட்ச், அதாவது எம்.சி.பி., இருக்கிறதே என்பார்கள். எம்.சி.பி.க்குத் தெரிவது மின்னோட்டம் கூடுவது மட்டும். இங்கே மின்னோட்டம் கூடவே இல்லை, அது பாட்டுக்குச் சும்மா இருக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பிளக், ஸ்விட்ச் செய்யப் பயன்படும் சில பிளாஸ்டிக்குகள் அதிகம் சூடேறினால் மீன் வாடை அடிக்கும். வேறு ஊரில் என்றால் எங்கிருந்து வருகிறது என்று தேடுவார்கள். இங்கே யார் தேடுவது? ஓர் ஆய்வகத்தில் வாட்ச்மேன் அண்ணன் சொன்னார்: "ரெண்டு வாரமாவே வாடை வருது சார். பின்னாடி கருவாடு காயப் போட்டிருக்காங்கனு நெனச்சேன்." உலையின் பிளக்கை உருவிப் பார்த்தால் ஒரு பின் கறுத்து, சாக்கெட்டின் துளை உருகிக் கோணியிருந்தது. மூடிய ஏ.சி. அறைக்குள் கருவாட்டு வாடை வந்தால் முதலில் பிளக்குகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், புறங்கையால்.

பெரிய கூடங்களும் இதற்கு விலக்கில்லை. 2008 செப்டம்பர் 19 அன்று ஜெனீவா அருகே செர்ன் இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தின் பெரிய துகள் முடுக்கியில், இரண்டு காந்தங்களுக்கு இடையிலான ஒரு மின் இணைப்பு சரியில்லாமல் போய்ப் பொறி பறந்து, காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியம் இருந்த உறை துளைபட்டது. பல டன் ஹீலியம் வெளியேறியது. முடுக்கி மறுபடி ஓட ஓராண்டுக்கு மேல் ஆனது. அது தீவிபத்து இல்லைதான், ஆனால் மூலம் அதே மோசமான இணைப்பு.

ஆகவே கடலோர ஆய்வகத்தின் தீத்திட்டத்தில் என் முதல் பக்கம் இணைப்புகளுக்குத்தான். வெள்ளீயம் பூசிய லக், ரப்பர் விளிம்போடு இறுக மூடும் பெட்டி, கடலைப் பார்த்த சுவரில் பெட்டி வைக்காமல் இருப்பது. கருவிகள் முழு லோடில் ஓடும்போது சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவில் பார்ப்பது. வருடத்துக்கு ஒரு முறை என்பது மதுரைக்குப் போதும். இங்கே கச்சானுக்கு முன் ஒரு தடவை, வாடைக்காற்றுக்கு முன் ஒரு தடவை.

அடுத்தது ஆள் இல்லாத இரவு. கரண்ட் போய்த் திரும்பும்போது உலை தானாக எரிய ஆரம்பிக்கும், குளிர்நீர்ப் பம்ப் ஆரம்பிக்காது. இது நடக்கக்கூடாது என்றால் கரண்ட் திரும்பினாலும் ஆள் வந்து பொத்தானை அழுத்தினால்தான் ஓடும்படி கான்டாக்டர் என்ற காந்த ஸ்விட்ச் போட வேண்டும். செலவு அதிகமில்லை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் இரவுச் சோதனைகள் நிறுத்தம் என்று திட்டத்திலேயே எழுதி வைத்துவிடலாம், யாரும் வாதாட வேண்டியதில்லை.

கேபிள் போகச் சுவரில் போட்ட ஓட்டைகளை ஃபோம் அடித்து மூடுகிறார்கள். 1975 மார்ச்சில் அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில், இப்படி மூடிய இடத்தில் காற்று கசிகிறதா என்று மெழுகுவத்தியைக் காட்டிச் சோதித்தார்கள். ஃபோம் பற்றிக்கொண்டது. 1,600 கேபிள்கள் சேதம். தீ தாங்கும் பூச்சு கடையில் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். பி.வி.சி. எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு உண்டு. ஈரக்காற்றோடு சேர்ந்தால் அமிலம். தீ தொடாத கருவிகளையும் அது தின்றுவிடும்.

சரி, இப்போது சிலிண்டர். லேசர், எலக்ட்ரானிக்ஸ் இருக்கும் அறையில் பவுடர் அடித்தால் தீ அணையும், லென்ஸும் சர்க்யூட்டும் போகும். அங்கே கார்பன் டை ஆக்சைடு. ஆனால் சின்ன அறையில் அடித்துவிட்டு உள்ளேயே நின்றால் மூச்சு முட்டும், அடித்ததும் வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். அந்தச் சிலிண்டரில் அழுத்தமானி இருக்காது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். எந்த வகையானாலும் தூக்கி அடிப்பாகத்தைப் பாருங்கள். முன்பக்கம் பளபளவென்று இருக்கும், தரையில் உட்காரும் வளையம் துருப்பிடித்து இற்றுப் போயிருக்கும்.

சோடியம், மக்னீசியம் போன்ற உலோகத் தீக்குத் தண்ணீரும் ஆகாது, கார்பன் டை ஆக்சைடும் ஆகாது. உலர்ந்த மணல் வேண்டும். பக்கத்தில்தான் கடற்கரை இருக்கிறதே என்று அங்கிருந்து இரண்டு வாளி அள்ளி வைத்துவிடுகிறார்கள். உப்பு கலந்த அந்த மணல் இரவெல்லாம் ஈரம் குடிக்கும். எரியும் சோடியத்தில் ஈர மணலைக் கொட்டினால் ஹைட்ரஜன் கிளம்பும். கழுவி, வறுத்து, மூடி போட்ட வாளியில் வையுங்கள்.

நம் மாவட்டத்தில் நல்ல தண்ணீர் பாடு எல்லோருக்கும் தெரியும். தொட்டியில் தீக்கென்று ஒதுக்கிய தண்ணீர் கழிப்பறைக்குப் போய்விடும். அறிவிப்பு ஒட்டிப் பயனில்லை. கழிப்பறைக் குழாயைத் தொட்டியின் பாதி உயரத்தில் எடுத்தால் கீழ்ப்பாதி தானாக மிஞ்சும்.

ஒத்திகை பெரும்பாலும் ஏப்ரல் 14 அன்று, தீயணைப்பு நாளில், காலை பதினோரு மணிக்கு நடக்கிறது. எல்லோரும் இருப்பார்கள், எல்லாக் கதவும் திறந்திருக்கும். இரவு ஒன்பதுக்கு ஒரு முறை நடத்துங்கள். பின்கதவின் தாழ்ப்பாள் துருவேறி நகராது, சாவி லேப் அசிஸ்டன்ட் வீட்டில் இருக்கும். இதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

தீயணைப்பு நிலையத்தாரை ஒரு நாள் அழைத்து அறைகளைச் சுற்றிக் காட்டுங்கள். எரிவாயு சிலிண்டர்கள் எங்கே, தண்ணீர் அடிக்கக் கூடாத அறை எது, மெயின் ஸ்விட்ச் எது என்று ஒரே தாளில் வரைந்து கொடுங்கள். 2018 டிசம்பரில் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வகத்தில் சிலிண்டர் வெடித்து ஓர் ஆராய்ச்சியாளர் இறந்தார். உள்ளே என்ன வாயு இருக்கிறது என்று தெரியாமல் தீயணைப்பு வீரரை அனுப்புவது நியாயமில்லை. தாளின் ஒரு பிரதி நிலையத்தில், இன்னொன்று வாட்ச்மேன் அறையில். துறைத்தலைவரின் பீரோவில் இருப்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.