தட்டான் கூட்டத்துக்கு மருந்து அடிக்காதீர்கள்

ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துவிட்டால் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்து விவசாயிகளிடமிருந்து எனக்கு ஒரே மாதிரி போன் வரும். "சார், வயல் மேல தட்டானா சுத்துது. பூச்சி ஏறிடுச்சா? ஒரு மருந்து அடிச்சிடலாமா?"

காட்பாடிப் பக்கம் ஒருவர் நெல் தண்டிலிருந்து பழுப்பாக எதையோ பிய்த்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஆறு கால்கள், முதுகில் நீளவாக்கில் ஒரு பிளவு, உள்ளே காலி. புதுசாக ஏதோ தண்டு துளைக்கிற பூச்சி என்று பயந்துபோயிருந்தார். வயல் தண்ணீரில் வளர்ந்த தட்டான், தண்டில் ஏறி உரித்துப் போட்ட சட்டை அது. தண்ணீரில் இருக்கும்வரை கொசுப்புழுவைத் தின்னும். இறக்கை வந்ததும் கொசு, நெல் தண்டில் சாறு உறிஞ்சும் புகையான், தண்டைத் துளைக்கிற குருத்துப்பூச்சியின் அந்துப்பூச்சி என்று பறப்பதைப் பிடிக்கும். நெல்லில் வாய் வைக்காது.

நம் வயல் மேல் கூட்டமாகச் சுற்றுவது பெரும்பாலும் மஞ்சள் கலந்த பொன்னிறத் தட்டான். அறிவியல் பெயர் பன்டாலா ஃபிளேவசென்ஸ். மழைத் தண்ணீர் தேங்குகிற குட்டை, வயல் எல்லாம் அதற்குப் பிரசவ அறை. வெயிலில் பளபளக்கும் கார் பானெட்டைத் தண்ணீர் என்று நம்பி அதிலும் முட்டை போடும், பாவம். "தட்டான் தாழப் பறந்தால் மழை" என்று நம் ஊரில் சொல்வார்கள். மழைக்கும் இதற்கும் உறவு உண்டுதான், ஆனால் அது கடல் தாண்டிப் போகிற உறவு.

மாலத்தீவில் வசித்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், ஒவ்வொரு அக்டோபரிலும் அங்கே இந்தத் தட்டான்கள் திரளாக வந்து இறங்குவதைக் கவனித்தார். அந்தத் தீவுகளில் முட்டையிட நன்னீரே அநேகமாகக் கிடையாது. அப்படியானால் எங்கிருந்து வந்து எங்கே போகின்றன? 2009இல் அவர் எழுதிய கட்டுரையின் பதில்: இந்தியாவிலிருந்து புறப்பட்டு, 1,000 மீட்டருக்கும் மேலே வீசும் காற்றில் ஏறி, கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. போய்த் திரும்புகிற சுற்று ஒரே பூச்சியின் ஆயுளில் முடியாது, சில தலைமுறைகள் ஆகும்.

அதே மாதங்களில், அதே திசையில் அமூர் வல்லூறும் போகிறது. புறாவை விடச் சிறிய பறவை. சைபீரியா, வட சீனப் பக்கம் குஞ்சு பொரித்து, நாகாலாந்தில் லட்சக்கணக்கில் தங்கி, ஈசலைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு, தீபகற்பத்தைக் கடந்து அரபிக்கடலுக்கு மேலே பறக்கிறது. நடுக்கடலில் இறங்க இடமில்லை. வழியில் தட்டானைப் பிடித்துத் தின்கிறது என்பதுதான் ஆண்டர்சனின் கருத்து. கட்டுச்சோறு தானே பறந்து கூட வருகிற மாதிரி. குயில், பஞ்சுருட்டான் வகைகள் சிலவும் இந்தக் கூட்டத்தில் சேர்த்திதான்.

இதை நட்பு என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தட்டானுக்கு இதில் லாபம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே காற்று வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தட்டான் குறைந்தால் வல்லூறின் பயணம் சிரமமாகும்.

இதே கணக்கு நம் ஏரிக்கரையிலும் நடக்கிறது. வடக்கிலிருந்து வந்து மின்கம்பிகளில் வரிசையாக உட்காரும் தகைவிலான் குருவிகளும், நீலவால் பஞ்சுருட்டானும் நம்பி வருவது மழைக்குப் பிறகு பெருகும் பறக்கிற பூச்சிகளைத்தான்.

சரி, வயலில் என்ன செய்வது? மேலே பார்த்து முடிவு எடுக்காமல், குனிந்து தூரைப் பிரித்துப் பாருங்கள். புகையான் ஒரு கிளைக்கு ஒன்று என்ற அளவைத் தொட்டால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும், ஒரு குத்து நெல்லுக்கு ஒரு சிலந்தி இருந்தால் கிளைக்கு இரண்டு வரை பொறுக்கலாம். செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளைப் புகையானுக்கு அடிக்கவே வேண்டாம். இயற்கை எதிரிகள் செத்து, புகையான் முன்பைவிட அதிகமாக ஏறும். கடையில் "எல்லாத்துக்கும் கேட்கும்" என்று ஒரு பாட்டிலை நீட்டினால், எந்தப் பூச்சிக்கு என்று லேபிளைக் காட்டச் சொல்லுங்கள்.