லாபியிஸ்ட்: தரகரா, தூதரா?

தண்டையார்பேட்டையிலும் காசிமேட்டிலும் கபடி ஆடி வளர்ந்தவர்களுக்கு ‘லாபி’ பழகிய சொல். ஆடுகளத்தின் இரு பக்கமும் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஓடும் பட்டைக்கு அந்தப் பெயர். பாடிப்போகிறவர் எதிரணியில் யாரையும் தொடாமல் அதில் கால் வைத்தால் அவுட். தொட்டுவிட்டாலோ அதுவும் களத்தில் சேர்த்தி.

திருவொற்றியூரில் என்னோடு தினமும் டீ குடிக்கும் பெரியவர் கேட்டது வேறு லாபி. அமெரிக்காவில் சிறு நகரங்கள் மாநில அரசிடம் நிதி கேட்டு வாங்கக் கட்டணம் கொடுத்து லாபியிஸ்ட் வைத்துக்கொள்கின்றனவாம். “தமிழில் புரோக்கர் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே, தம்பி? நம்மூர்போலச் சிறு நகரமும் ஒருவரை வைத்துக்கொள்ளலாமா?” என்றார்.

சொல்லின் மூலம் இடைக்கால லத்தீனின் ‘லோபியா’: கூரையிட்ட நடைவழி. அதற்கும் பின்னால் ஒரு ஜெர்மானியச் சொல் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் ‘லௌபே’ என்றால் கொடிப்பந்தல். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் மடத்துத் தாழ்வாரத்தைக் குறித்த லாபி, அடுத்த நூற்றாண்டில் நாடாளுமன்றத்தின் முன்கூடம் ஆயிற்று. அங்கே காத்திருந்து உறுப்பினர்களிடம் காரியம் கேட்பவரை 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கா ‘லாபியிஸ்ட்’ ஆக்கியது. வாஷிங்டன் ஹோட்டல் முன்கூடத்தில் தன்னை மொய்த்தவர்களுக்கு அதிபர் கிராண்ட் இட்ட பெயர் என்றொரு கதை உண்டு. அவர் பதவியேற்றது 1869இல். சொல் அதற்கு முன்பே அச்சேறிவிட்டது. இடத்தை மட்டும் குறிக்க நம்மிடம் ‘இடைகழி’ இருக்கிறது. பேச்சில் தேய்ந்து ரேழி ஆனது அதுதான்.

ஆளுக்குத்தான் பெயர் அமையவில்லை. பத்திரிகைகள் எழுதும் ‘ஆதரவு திரட்டுதல்’ தேர்தலுக்கும் பொருந்தும், ஊர்த் திருவிழாவுக்கும் பொருந்தும். ‘சிபாரிசு’ பாரசீக வழி வந்தது. ‘பரிந்துரை’ நல்ல சொல், ஆனால் பரிதல் என்பது அன்பு. கட்டணம் வாங்கிக்கொண்டு எப்படிப் பரிவது? ‘தரகர்’ இரு தரப்புக்கும் நடுவே நின்று பேரத்தில் பங்கு பெறுபவர். லாபியிஸ்ட் ஒரே தரப்புக்காகப் பேசுகிறவர். கிடைத்த நிதியில் நூற்றுக்கு இவ்வளவு என்று கேட்டால் அந்த நிமிடமே தரகராகிவிடுவார்.

எனக்குப் பிடித்த சொல் குறளின் தூது அதிகாரத்தில் கிடக்கிறது. ‘வாய்மை வழியுரைப்பான் பண்பு’ என்கிறது 688ஆம் குறள். தன் தரப்பின் சொல்லை எடுத்துப்போய் உரைப்பவர் வழியுரைப்பான். நீதிமன்றத்தில் வழக்குரைஞர், செயலகத்தில் வழியுரைஞர். ஓசையும் ஒத்துவருகிறது.

பெரியவர் விடவில்லை. வழக்குரைஞர் எதிர்த்தரப்பின் முன்னால் வாய் திறக்கிறார், உங்கள் ஆள் ரேழியில் அல்லவா பேசுகிறார் என்றார். நியாயமான அடி. அதனால்தான் அமெரிக்க நாடாளுமன்றம் 1946இலும் பிறகு 1995இலும் சட்டம் இயற்றி, லாபியிஸ்டுகள் பதிவுசெய்துகொள்ள வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும் என்றது. இந்தியாவில் அப்படிப் பதிவுசெய்யச் சொல்லும் சட்டம் இல்லை. பதிவும் கணக்கும் இல்லாதவரை ‘வழியுரைஞர்’ என்று அழைக்க எனக்கும் நா எழவில்லை.

சரி, சிறு நகரம் ஒருவரை வைத்துக்கொள்ளலாமா? திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் நான்கும் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணையும்வரை தனி நகராட்சிகள். அவை தனியாகவே இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரசியலமைப்பின் 243-ஒய் பிரிவின்படி மாநில நிதி ஆணையம் பரிந்துரைத்து வரும் பங்கு, கணக்குப் போட்டு வருவது. அதற்கு வாய்ச்சாலகம் தேவையில்லை. மழைநீர் வடிகால் போன்ற திட்டங்களுக்கான நிதி வேறு வகை. அளவுகளும் மதிப்பீடும் பிசகாத திட்ட அறிக்கை உரிய காலத்தில் போய்ச் சேர வேண்டும். சிறு ஊர்கள் தடுமாறுவது இங்கேதான். அந்தப் பணத்துக்கு நல்ல பொறியாளர் ஒருவரை வைப்பேன். கோட்டைக்குப் போய்ப் பேச சட்டமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அதற்குத்தானே ஓட்டுப் போட்டோம்? அமெரிக்காவில் கணக்கு மாறலாம். அங்கே எந்தச் சட்டமன்றக் குழு எந்த வாரம் எந்தத் தொகையை எடுத்துக்கொள்ளும் என்று அறிந்தவரின் கட்டணம் வீண் போகாது.

பதிவும் கணக்கும் இங்கே வரும்வரை ‘லாபி’ என்றே எழுதலாமா? லகரம் தமிழில் சொல்லுக்கு முதலாகாது. உலோகம் போல ‘உலாபி’ என்றுதான் தொடங்க வேண்டும். உலாவும் இடத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்றேன். பெரியவர் டீக்குக் காசு கொடுக்கப் போய்விட்டார்.