ராஜாபாய் கோபுரத்துக்கு சிமென்ட் ஆகாது

மும்பை மாட்டுங்காவில் எங்கள் தரைத்தள வீட்டில், மழைக்காலம் முடிந்ததும் சுவரில் உப்பு பூக்கும். பெயின்ட் பொரிந்து, விரலால் தொட்டால் மாவாக உதிரும். "ஓதம் ஏறுது" என்பார் அம்மா. வருடா வருடம் சிமென்ட் பூசுவோம். அடுத்த வருடம் அதற்கு ஒரு அடி மேலே பூத்திருக்கும். ஏன் என்று எனக்குப் புரிந்தது ராஜாபாய் கோபுரத்தைப் பார்க்கப் போய்வந்த பிறகுதான்.

மும்பைப் பல்கலைக்கழகத்தின் ஃபோர்ட் வளாகத்தில் 1869-ல் தொடங்கி 1878-ல் முடிந்த கட்டடம் அது. கீழே நூலகம், மேலே 85 மீட்டர் உயர மணிக்கூண்டு. வரைபடம் தந்த ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் மும்பைக்கு வந்ததே இல்லை. பணம் தந்தவர் பருத்தி வியாபாரத்தில் கொழித்த பிரேம்சந்த் ராய்சந்த். ராஜாபாய் அவருடைய அம்மா. 2015-ல் சீரமைப்பு முடிந்தது. நூலகம் இன்றும் நூலகம்தான்.

எதிரே மைதானம், அதைத் தாண்டினால் கடல். மும்பைக் காற்றில் உப்பு எப்போதும் உண்டு. கோபுரத்தைக் கட்டிய கல், மும்பையின் குர்லாவில் வெட்டிய குர்லா கல்லாகவே இருந்தாலும், அதற்குள் நுண்துளைகள் இருக்கும். மழைநீர் உப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே போகிறது. பிறகு நீர் எந்த இடத்தில் ஆவியாகிறதோ, அந்த இடத்தில் உப்பு தங்கிவிடுகிறது. விஷயமே இதில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்துக் கட்டடங்களில் கல்லோடு கல்லை இணைத்தது சுண்ணாம்புக் காரை. பெரும்பாலும் அது கல்லைவிட மென்மையானது, துளைகளும் அதிகம். அதனால் ஈரம் காரை வழியாகவே வெளியேறும், உப்பும் அங்கேயே படியும், உதிர்வதும் காரைதான். சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம். மெல்லிய விரிசல் விழுந்தாலும், நீரில் கரைந்த சுண்ணாம்பு அதிலேயே மறுபடி படிந்து ஓரளவு அடைத்துவிடும். சிமென்டால் இது முடியாது. அது இறுகி வழியை அடைத்துவிட, ஈரம் கல் வழியாக வெளியேறப் பார்க்கும். உப்புப் படிகம் கல்லின் துளைக்குள்ளேயே வளர்ந்து நெருக்க, கல்லின் முகம் செதில் செதிலாகப் பெயரும். செதுக்கு வேலை செய்த கல் போனால் போனதுதான்.

மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு கரையும், குறைந்தால் மறுபடி படிகமாகும். மும்பையில் ஆடியில் அந்தக் கோட்டுக்கு மேலே, மார்கழியில் பல நாள் கீழே. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் கல்லுக்குள் ஒரு நெருக்கல்.

இதில் ஏசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடத்தை இன்றைய வசதிக்கு மாற்றும்போது முதலில் கேட்பது அதைத்தான். உள்ளே காற்று வறண்டால் சுவரின் ஈரம் உட்பக்கமாக இழுக்கப்படும். வெளியே பூக்க வேண்டிய உப்பு புத்தக அலமாரிக்குப் பின்னால் பூக்கும். இந்த மாதிரிக் கட்டடங்களுக்கு உயரமான கூரையும் மின்விசிறியும் மேல் என்பது என் கட்சி.

சரி, எங்கள் வீட்டுக் கதை. எங்கள் சிமென்ட் பூச்சு ஓதத்தைத் தடுக்கவே இல்லை, மேலே தள்ளிவிட்டது. இந்த வருடம் அதைக் கொத்தி எடுத்தோம். சுண்ணாம்பு பூசச் சொன்னதும் திருநெல்வேலிக் கொத்தனார் சிரித்தார். "இறுக மாசக்கணக்கா ஆகும், பரவால்லியா சார்?" என்றார்.