வெட்ட வெட்டத் தழைத்த காடு

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் பகுதியில், பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊருக்குத் தென்கிழக்கில் சில மைல் தள்ளி பிராட்ஃபீல்ட் வுட்ஸ் என்ற காடு இருக்கிறது. சுற்றிலும் கோதுமை வயல்கள். இந்தக் காட்டில் மரம் வெட்டியதற்கான பதிவுகள் 1252-ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கின்றன. அப்போது இது பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடாலயத்துக்குச் சொந்தம். 1539-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடாலயம் கலைக்கப்பட்டது, கோடரி நிற்கவில்லை. இன்றும் குளிர்காலம் வந்தால் காட்டின் ஒரு பகுதியைத் தரையோடு வெட்டுகிறார்கள். 770 ஆண்டுகளுக்கு மேல் வெட்டியும் காடு அழியவில்லை. அதைவிட, வெட்டியதால்தான் இவ்வளவு செழிப்பாக இருக்கிறது. எப்படி என்று பார்க்கலாம்.

பழங்காடு என்றதும் நான்கு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத ராட்சத மரங்களை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இங்கே முதலில் ஏமாற்றமே மிஞ்சும். கண்ணில் படுபவை பெரும்பாலும் கைத்தடி பருமனிலும் தொடை பருமனிலும் நிற்கும் ஆஷ், ஹேசல், மேப்பிள் தண்டுகள். குனிந்து அடியைப் பார்க்க வேண்டும். வட்டமாக நிற்கும் பத்துப் பன்னிரண்டு தண்டுகளும் ஒரே வேரிலிருந்து கிளம்பியிருக்கும். இங்குள்ள ஓர் ஆஷ் அடிக்கட்டையின் குறுக்களவு சுமார் 5.6 மீட்டர், வயது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் என்று மதிப்பிடுகிறார்கள். அதன்மேல் நிற்கும் தண்டுகளோ கடைசியாக வெட்டியபின் முளைத்தவை.

கரும்பை அறுத்த பின் அதே கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்குமே, இதுவும் அதே வழிதான். அகன்ற இலை கொண்ட மரங்கள் பலவற்றில் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் உண்டு. மரத்தின் நுனியில் சுரக்கும் ஆக்ஸின் என்ற ஹார்மோன் கீழே இறங்கிவந்து அவற்றை வளரவிடாமல் அடக்கி வைத்திருக்கும். தண்டை வெட்டினால் அந்தச் சுரப்பு நிற்கிறது, மொட்டுகள் விழிக்கின்றன. கீழே வேர்த்தொகுதி முழுசாக இருக்கிறது; அதில் மாவுச்சத்து சேமிப்பும் இருக்கிறது. முன்பு ஒரு பெரிய மரத்துக்குத் தண்ணீரும் உணவும் கொடுத்த வேர் இப்போது சில இளந்தளிர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும். அதனால்தான் விதையிலிருந்து வரும் கன்று சாண் உயரம் எட்டுவதற்குள் ஹேசல் தளிர் ஆளுயரம் போய்விடுகிறது. பைன், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் இப்படித் துளிர்க்காது. வெட்டினால் வெட்டியதுதான்.

சரி, மறுபடி துளிர்க்கிறது. ஆயுள் ஏன் கூட வேண்டும்? வளரும் மரம் ஒவ்வோர் ஆண்டும் தன் உடல் முழுவதற்கும் ஒரு புதிய வளையம் போர்த்த வேண்டும். உடல் பெருக்கப் பெருக்க அந்தச் செலவும் பெருகும். ஆனால் இலைப்பரப்பு ஓர் எல்லைக்கு மேல் கூடாது. வரவு நின்று செலவு ஏறும் அந்தக் கட்டத்தில்தான் கிளைகள் காயத் தொடங்கும், நடுமரம் உளுத்துப்போகும், ஒரு புயலில் சாயும். வெட்டாமல் விட்ட ஆஷ் மரம் இருநூறு ஆண்டுகளைத் தாண்டினாலே பெரிது. பத்து, இருபது ஆண்டுக்கு ஒருமுறை வெட்டினால் அந்தக் கட்டமே வருவதில்லை. புதுத் தளிர்கள் கட்டையின் விளிம்பில் கிளம்புவதால் நடுப்பகுதி உளுத்துப் போனாலும் தண்டுகளின் வட்டம் வெளியே விரிந்துகொண்டே போகும்.

மக்கள் இதை அறிவியல் தெரிந்து செய்யவில்லை, தேவைக்காகச் செய்தார்கள். ஹேசல் கொம்புகளைப் பின்னி வேலியும் மண்சுவருக்கான தட்டியும் செய்தார்கள், மிச்சம் விறகு. இடையிடையே ஓக் மரங்களை மட்டும் பல பத்தாண்டுகள் வளரவிட்டு வீட்டு உத்திரத்துக்கு எடுத்தார்கள். பிராட்ஃபீல்டின் கொம்புகள் பக்கத்து ஊர்ப் பட்டறையில் வைக்கோல் வாரும் கருவிகளாயின. பயன் இருந்தவரை காட்டை யாரும் வயலாக்கவில்லை.

வெட்டின் பலனைத் தரையில் பார்க்க ஏப்ரல் கடைசியில் போக வேண்டும். குளிர்நாட்டுக் காட்டில் தரைச்செடிகளின் வாழ்க்கை ஒரு குறுகிய இடைவெளிக்குள் முடிந்துவிடுகிறது. மார்ச்சில் வெயில் ஏறத் தொடங்கும். மரங்கள் முழு இலை விடுவது மே மாதத்தில். இடைப்பட்ட வாரங்களில்தான் தரைக்கு வெளிச்சம் கிடைக்கும். புளூபெல் செடி அதற்காக ஜனவரி, பிப்ரவரியிலேயே இலையை வெளியே நீட்டிவிடும். மரக்கிளைகள் மூடுவதற்குள் சம்பாதித்ததைக் கிழங்கில் சேர்த்துவிட்டு, கோடையில் மேற்பகுதி வாடி மறைந்துவிடும். வெட்டிய இடத்தில் இந்தக் கெடு தளர்கிறது. கோடை முழுக்க வெயில் விழுவதால் இரண்டாம், மூன்றாம் வசந்தத்தில் பிரிம்ரோஸும் வயலட்டும் ஆக்ஸ்லிப்பும் தரையை நிறைக்கும். மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கிடந்த விதைகள்கூட முளைக்கும். வயலட் இலை தின்று வளரும் புழுக்கள், அவற்றின் பட்டாம்பூச்சிகள், அடர்ந்த புதரில் கூடுகட்டும் நைட்டிங்கேல் என்று ஒவ்வொன்றும் தன் வயதுக்கேற்ற புதரைத் தேடி வரும். ஏழெட்டு ஆண்டுகளில் நிழல் மறுபடி மூடிவிடும். அதற்குள் பக்கத்துப் பகுதி வெட்டப்பட்டிருக்கும். எங்கு பார்த்தாலும் வெட்டினால் இது நடக்காது. பகுதி பகுதியாக, முறை வைத்து வெட்ட வேண்டும்.

இந்தப் பூக்களில் சில காட்டின் வயதைச் சொல்லக்கூடியவை. வெள்ளையாகப் பூக்கும் வுட் அனிமோன் இங்கிலாந்தில் விதையால் பரவுவது அரிது. மண்ணுக்கடியில் தண்டை நீட்டித்தான் நகரும். அந்த வேகம் நூறு ஆண்டுக்குச் சுமார் 2 மீட்டர். பத்து மீட்டர் அகலத்துக்கு ஒரே செடி பரந்து நின்றால், நடுவிலிருந்து விளிம்பு வரை வர 250 ஆண்டு ஆகியிருக்கும். வயலட் விதையின் நுனியில் கொழுப்புச் சதை ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காக விதையைப் புற்றுக்கு இழுத்துப் போகும். எறும்பின் நடை எவ்வளவு தூரம்? சில மீட்டர். புளூபெல் விதையோ தண்டுக்கு அருகிலேயே உதிரும், அது பூக்கும் செடியாகக் குறைந்தது ஐந்து ஆண்டு வேண்டும். நடுவில் ஒரு கோதுமை வயல் இருந்தால் இவற்றால் கடக்க முடியாது. ஆகவே இவை கூட்டமாகக் கூடி நிற்கும் இடம் நெடுங்காலமாக உழப்படாத காடு என்று ஊகிக்கலாம். ஜார்ஜ் பீட்டர்கன் என்ற சூழலியலாளர் 1970-களில் லிங்கன்ஷயர் காடுகளை ஆராய்ந்து, இப்படிப்பட்ட சாட்சிச் செடிகளின் பட்டியலை வகுத்தார்.

செடிகள் மட்டும் போதாது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த காட்டு வரலாற்று ஆய்வாளர் ஆலிவர் ராக்கம் (1939–2015) மடாலயக் கணக்குகளையும் வரைபடங்களையும் மண்மேடுகளையும் சேர்த்துப் படித்தார். இங்கிலாந்தில் பழங்காடு என்று ஏற்க 1600-ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து காடாக இருந்திருக்க வேண்டும். ஏன் அந்த ஆண்டு? அதற்கு முன் மரம் நட்டுக் காடு உருவாக்கும் வழக்கம் மிகவும் அரிது. நம்பகமான வரைபடங்களும் அந்தக் காலத்தை ஒட்டித்தான் வருகின்றன. ஆகவே 1600-இல் இருந்த காடு அதற்கும் பல நூற்றாண்டு முந்தையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காட்டோரத்தில் வளைந்து வளைந்து போகும் அகலமான கரையும், அதன் வெளிப்பக்கத்தில் பள்ளமும் தெரிந்தால் நின்று பாருங்கள். இளந்தளிரை மாடு மேயாமல் இருக்க இடைக்காலத்தில் வெட்டிய எல்லை அது. காட்டுக்குள்ளேயே உழவுச் சால்களின் மேடுபள்ளம் தெரிந்தால், அது ஒரு காலத்தில் வயலாக இருந்த இடம்.

வயல் மறுபடி காடானால் என்ன குறை என்று கேட்கலாம். எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். எரு போட்ட நிலத்தில் பாஸ்பேட் தங்கிவிடுகிறது, நூறாண்டு கடந்தும் கரைந்து போவதில்லை. அந்தச் சத்தில் காஞ்சொறி போன்ற செடிகள் கொழுத்து, மெதுவாக வளரும் பூச்செடிகளை நெருக்கிவிடும். வேரோடு கூட்டுவாழ்க்கை நடத்தும் பூஞ்சை இழைகளையும் உழவு அறுத்துவிடும். பிரான்ஸில், ரோமானியர் காலத்தில் பயிரிட்டு, பிறகு காடாகிவிட்ட இடங்களின் செடிவகைகள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் சுற்றுவட்டாரத்திலிருந்து வேறுபடுவதை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. எச்எஸ்2 அதிவேக ரயில் பாதைக்காகப் பழங்காடுகளை வெட்டியபோது அந்த மண்ணை அள்ளி வேறிடத்தில் பரப்பினார்கள். விதையும் கிழங்கும் கொஞ்சம் பிழைக்கும். மண்ணின் அடுக்கும் இழையும் அப்படியே போய்ச் சேராது. இதைப் பழங்காட்டுக்கு ஈடு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரிட்டன் நிலப்பரப்பில் பழங்காடு இருப்பது சுமார் 2.5 சதவீதம்.

பிராட்ஃபீல்டே 1960-களில் ஒரு பகுதியை விவசாயத்துக்கு இழந்தது. மிச்சத்தை மக்கள் போராடிக் காத்தார்கள். இப்போது சஃபோக் வைல்ட்லைஃப் டிரஸ்ட் பராமரிக்கிறது. புதிய தொல்லைகள் இரண்டு. மான்கள் பெருகி இளந்தளிரை மேய்கின்றன, ஆகவே வெட்டிய இடத்தைச் சுற்றி வேலி கட்ட வேண்டியிருக்கிறது. ஆஷ் மரங்களைக் கொல்லும் கிழக்காசியப் பூஞ்சை 2012-இல் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. அது இலை வழியே நுழைந்து இளந்தண்டுகளைக் காய வைக்கிறது. வெட்டிய கட்டையில் இருப்பது முழுக்க இளந்தண்டுதான் என்பதால், நோய் தாக்கிய ஆஷை வெட்டுவதா விடுவதா என்பதே இப்போது கடினமான முடிவாகிவிட்டது.

போகிறவர்கள் பாதையை விட்டு இறங்காமல் நடக்க வேண்டும். ஒட்டும் களிமண், நல்ல பூட்ஸ் தேவை. புளூபெல் இலை ஒருமுறை மிதிபட்டால் அந்த ஆண்டுக்கான உணவு கிழங்குக்குச் சேராது. இலையை மறுபடி விடவும் அதனால் முடியாது. கிழங்கைத் தோண்டி எடுப்பது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பூவைப் பார்க்க ஏப்ரல் கடைசி. அடிக்கட்டைகளையும் எல்லைக் கரைகளையும் தெளிவாகப் பார்க்க, இலை உதிர்ந்து வெட்டு நடக்கும் ஜனவரி, பிப்ரவரி.