சப்வூஃபர்: துணையா, அடியா?

‘சப்வூஃபர்’ (மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கென்றே அமைந்த ஸ்பீக்கர் பெட்டி) என்ற சொல்லைத் தமிழில் எழுத முனைபவருக்கு முதலில் கைக்கு வருவது ‘துணை ஒலிபெருக்கி’ என்பதாகத்தான் இருக்கும். ‘சப்கமிட்டி’யைத் துணைக்குழு என்று சொல்லிப் பழகிய நமக்கு அது இயல்பாகத் தோன்றினாலும், இங்கே அது பிழை. ‘சப்’ என்னும் இலத்தீன் முன்னொட்டின் முதற்பொருள் ‘கீழே’ என்பதாகும். அந்தப் பொருளில்தான் வேளாண்மையில் ‘சப்சாயில்’ என்பதை அடிமண் என்கிறோம். சப்வூஃபரும் அடிமண்ணின் இனமே. உடன் இருக்கும் ஸ்பீக்கர்களால் இறங்க முடியாத ஆழத்தில் ஒலிப்பதே அதன் வேலை.

‘வூஃபர்’ நாயிடமிருந்து வந்தது. பெரிய நாயின் கனத்த குரைப்பை ஆங்கிலத்தில் ‘வூஃப்’ என்றும், சிறு பறவையின் கீச்சொலியை ‘ட்வீட்’ என்றும் சொல்வார்கள். தாழ்ந்த ஒலிக்குத் தனியாகவும் உயர்ந்த ஒலிக்குத் தனியாகவும் ஸ்பீக்கர்கள் அமைந்த காலத்தில், 1930களில், அவற்றுக்கு வூஃபர், ட்வீட்டர் என்ற பெயர்கள் வழங்கலாயின. ஓசையைக் கொண்டே கருவிக்குப் பெயரிடுவது நமக்கும் புதிதன்று. உறுமி அப்படிப் பெயர் பெற்ற தோற்கருவிதான். ‘குரைப்பான்’ என்றால் இன்று சிரிப்பு வரும் என்றாலும், குரைத்தலுக்கு முழங்குதல் என்ற பொருளும் பழந்தமிழில் உண்டு (‘குரைகடல்’ என்பதில் நாய் இல்லை).

தமிழிசையில் கீழ்த்தாயிக்கு (மந்தர ஸ்தாயிக்கு) ‘மெலிவு’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆனால் ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கும் பெட்டிக்கு அதைச் சூட்டினால், இன்றைய வாசகர் நோஞ்சான் பெட்டி என்றே எடுத்துக்கொள்வார். ‘ஒலிபெருக்கி’யிலும் ஒரு சிக்கல் உண்டு. அச்சொல் ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் மாறி மாறிக் குறிப்பதால், இவ்விரண்டையும் ஒருங்கே அடக்கிய இப்பெட்டிக்கு அது தெளிவு தராது. எனவே ‘அடியொலிப்பெட்டி’ என்பதே என் தேர்வு.

மலிவான அடியொலிப்பெட்டி இந்தப் பெயருக்குத் தகுமா என்பது நியாயமான கேள்வி. மனிதச் செவிக்கு எட்டும் கீழ் எல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20 அதிர்வுகள். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. விலை குறைந்த பெட்டிகள் பல, 40க்குக் கீழே தளர்ந்துவிட்டு, அதற்குச் சற்று மேலே ‘தும் தும்’ என்று ஒரே சுரத்தில் முட்டி நிற்கும். கண்டிப்பாகப் பார்த்தால் அவை வெறும் வூஃபர்களே. ஆயினும் வீட்டு ஸ்டீரியோவின் சிறிய ஸ்பீக்கர்கள் 70 ஹெர்ட்ஸிலேயே ஓய்ந்துவிடுமானால், அவற்றுக்கு இதுவும் அடிதான்.

பழைய ஆம்ப்ளிஃபயரில் இதற்கெனத் தனி வெளியீடு இல்லாவிட்டால், ஸ்பீக்கர் கம்பிகளையே ஏற்கும் முனைகள் உள்ள பெட்டியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு, செய்தி வாசிக்கும் ஆண்குரல் ஒன்றை ஓடவிட்டு, பெட்டியின் பின்புறமுள்ள கிராஸ்ஓவர் குமிழை (பெட்டி எந்த ஹெர்ட்ஸ் வரை ஒலிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது) 150 ஹெர்ட்ஸில் வைத்துப் பாருங்கள். வாசிப்பவரின் குரலில் பாதி, பெட்டி இருக்கும் மூலையிலிருந்து வரும். குமிழைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்தால், பெரும்பாலும் 80ஐ நெருங்கும்போது குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே திரும்பிவிடும். பெட்டி எங்கே இருக்கிறது என்பதைச் செவியால் சொல்ல முடியாது.