மீட்டர் பூட்டியாச்சு, தண்ணி எப்ப வரும்?

திருகோணமலையில் ஓர் அரச அலுவலகத்தில் பல வருடம் செய்திக்குறிப்பு எழுதியவள் நான். மாதாந்த மீளாய்வுக் கூட்டத்தில் இரண்டு சொற்கள் ஓயாமல் அடிபடும்: நிதி முன்னேற்றம், பௌதீக முன்னேற்றம். ஒதுக்கிய காசில் எவ்வளவு செலவானது, வேலையில் எவ்வளவு முடிந்தது. இரண்டும் நூறைத் தொட்டால் திட்டம் வெற்றி. சனத்தின் சீவியம் என்ன மாறியது என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

மூதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் குழாய்நீர் இணைப்புகள் கொடுத்து முடித்ததைப் படம் எடுக்கப் போயிருந்தேன். ஒரு வயதான அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் குழாயைத் திறந்து காட்டினார். காற்றுத்தான் சீறியது. கீழே நாலு குடம் வாய்க்குத் துணி கட்டி வரிசையாக இருந்தன. "மீட்டர் பூட்டித் தந்துட்டாங்க மிஸ். தண்ணி விடியப்பறம் ரெண்டு மணிக்குத்தான் வருது. முழிச்சிருந்து பிடிக்கிறன்."

செய்திக்குறிப்பில் தண்ணீர் வரும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தேன். அந்த வரியை வெட்டிவிட்டு இணைப்புகளின் எண்ணிக்கையை மட்டும் அனுப்பினார்கள். எண்ணிக்கை சரியானதுதான். அதனாலேயே இப்படியான அறிவிப்பில் பிழை பிடிப்பது கஷ்டம்.

பணவீக்கச் செய்தியிலும் இதைக் கண்டோம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாக இருந்தது, 2023 யூலையில் 6.3 ஆனது. பெரிய விசயம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் குறைந்தது விலை ஏறுகிற வேகம். ஏறின விலை இறங்கவில்லை. அதை விளக்காமல் விட்டால், சந்தையில் மரக்கறிக்குக் காசு எண்ணுகிறவர் உண்மையான வெற்றியையும் நம்பமாட்டார்.

திறப்புவிழாவில்தான் நமக்கு விபரம் சொல்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவோ, வேலை தொடங்க மூன்று மாதம் முன்பே சொல்லச் சொல்கிறது. உள்நாட்டு நிதியென்றால் 5 இலட்சம் ரூபாய்க்கும், வெளிநாட்டு நிதியென்றால் 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேற்பட்ட திட்டங்களுக்கு இது அமைச்சரின் கடமை. முதலில் என்ன சொன்னார்கள் என்பது கையில் இருந்தால்தானே முடிவில் ஒப்பிடலாம்.

கிடைக்கவில்லையா, அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவாரா மாட்டாரா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். எத்தனை இணைப்பு என்று கேட்க வேண்டாம், அது பேப்பரில் வந்திருக்கும். "எங்கள் ஒழுங்கைக்குக் கடந்த மூன்று மாதத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணிநேரம் தண்ணீர் திறந்தீர்கள்? பதிவேட்டின் பிரதி தேவை" என்று எழுதுங்கள்.