பொர்வெனிரில் பதினைந்து பேர்: டெக்சஸ் ரேஞ்சர்களும் ஒரு வாத்தியாரின் பட்டியலும்

காவல் மரணம், என்கவுன்ட்டர் வழக்குகளை நடத்துகிற வக்கீல் நான். வழக்குக் கட்டு கைக்கு வந்ததும் முதல் தகவல் அறிக்கையில் நான் தேடுவது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: இருட்டில் எதிர்த்தரப்பு முதலில் தாக்கியது, தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்று எழுதியிருக்கிறார்களா? அனேகமாக இருக்கும். 1918-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலக் காவல் படையான ரேஞ்சர்களின் கேப்டன் ஒருவர் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையிலும் இதே கதை இருப்பதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிலிருந்து என் ஜூனியர்களுக்கு அந்தப் படையின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

டெக்சஸ் ரேஞ்சர்கள் என்றதும் தொப்பியும் குதிரையும் மார்பில் வெள்ளி நட்சத்திரமும்தான் பலருக்கு ஞாபகம் வரும், இளையவர்களுக்கு அந்தப் பெயரில் இருக்கிற பேஸ்பால் அணி. டெக்சஸ் இன்னும் மெக்சிகோவின் பகுதியாக இருந்த 1823-இல், தான் குடியேற்றிய மக்களின் காவலுக்குப் பத்துப் பேரை வைத்துக்கொள்ளலாம் என்று ஸ்டீபன் ஆஸ்டின் எடுத்த முடிவில் தொடங்குகிறது அந்தக் கதை. 1835-இல் முறைப்படி படையாக்கினார்கள். சீருடை கிடையாது, குதிரையை அவரவரே கொண்டுவர வேண்டும். கொமாஞ்சிப் பழங்குடி வீரர்களோடு நடந்த சண்டைகளில்தான் ரேஞ்சர் கேப்டன் ஜாக் ஹேஸின் ஆட்கள் கோல்ட் கம்பெனியின் சுழல் துப்பாக்கியைப் பழகினார்கள், அவர்களில் ஒருவரான சாமுவேல் வாக்கர் சொன்ன மாற்றங்களோடு 1847-இல் ஆறு குண்டுத் துப்பாக்கியே வந்தது. 1874-இல் மேஜர் ஜான் ஜோன்ஸ் தலைமையில் ஆறு கம்பெனிகளோடு எல்லைப்புறப் பட்டாளம். மாட்டுத் திருடர்கள், ரயில் கொள்ளையர்கள் என்று வேலை மெல்லப் போலீஸ் வேலையாக மாறியது அந்தக் காலத்தில்தான். அவர்களில் பலர் துணிச்சல்காரர்கள், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் போர் செய்யப் பழகிய படைக்கு அப்படியே போலீஸ் அதிகாரத்தையும் கொடுத்தால், எதிரே நிற்கிற குடிமகனும் எதிரியாகத்தான் தெரிவான். 1910-இல் மெக்சிகோவில் புரட்சி வெடித்தது. 1915-இல் எல்லையில் கொள்ளைகளும் தாக்குதல்களும் நடந்தபோது மெக்சிக வம்சாவளி மக்கள் நூற்றுக்கணக்கில் ரேஞ்சர்களாலும் ஊர்க் கும்பல்களாலும் விசாரணையே இல்லாமல் கொல்லப்பட்டார்கள். 300 என்பாரும் உண்டு, ஆயிரக்கணக்கில் என்பாரும் உண்டு, ஏனென்றால் அன்றைக்கு யாரும் எண்ணவில்லை. அந்த ஆகஸ்டில் நோரியாஸ் பண்ணையில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. குதிரைமேல் ஆட்கள், அவர்கள் கயிற்றின் மறுமுனையில் தரையில் கிடக்கும் உடல்கள். அதைத் தபால் அட்டையாக அச்சடித்து விற்றார்கள். செப்டம்பரில் ஹெசுஸ் பாசானும் அவர் மருமகன் அந்தோனியோ லொங்கோரியாவும் குதிரைகள் திருடுபோனதை ரேஞ்சர்களிடம் சொல்லப் போனார்கள், சொல்லிவிட்டுத் திரும்பும் வழியில் முதுகில் சுடப்பட்டுச் செத்தார்கள். புகார் கொடுக்கப் போனவர்கள்!

அப்புறம் பொர்வெனிர். ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். ஸ்பானிஷில் அந்தப் பெயருக்கு எதிர்காலம் என்று அர்த்தம். 1917 கிறிஸ்துமஸ் அன்று அந்த வட்டாரத்துப் பண்ணை ஒன்றில் கொள்ளை நடந்தது, சந்தேகம் இந்த ஊர்மேல் விழுந்தது. ரேஞ்சர்கள் வந்து வீடுகளைச் சோதனை போட்டுவிட்டுப் போனார்கள். 1918 ஜனவரி 28 இரவு கேப்டன் ஜேம்ஸ் மன்ரோ ஃபாக்ஸின் 'பி' கம்பெனி, பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சிலரையும் ராணுவக் குதிரைப்படையையும் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தது. தூக்கத்திலிருந்து எழுப்பி 15 ஆண்களைத் தனியே பிரித்துக் கொண்டுபோய்ச் சுட்டுத்தள்ளினார்கள். 16 வயதுப் பையனும் அதில் இருந்தான், 72 வயதுக் கிழவரும் இருந்தார், ஒருவர் கையிலும் ஆயுதம் இல்லை. புதருக்குள்ளிருந்து எங்களைச் சுட்டார்கள், திருப்பிச் சுட்டோம், விடிந்து பார்த்தால் பிணங்கள் கிடந்தன என்பதுதான் ஃபாக்ஸ் சொன்ன கதை. மிச்சமிருந்த சுமார் 140 பேர் ஆற்றைத் தாண்டி மெக்சிகோவுக்கு ஓடிவிட்டார்கள்.

பிணத்தைப் பார்க்க மறுநாள் காலையில் வந்தவர் ஹாரி வாரன், அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். செத்தவர்களில் ஒருவர் அவருடைய மாமனார். அந்த நிலையிலும் அவர் செய்த வேலை, உட்கார்ந்து எழுதியதுதான். யார் யார், என்ன வயது, யாருக்கு மனைவி, எத்தனை பிள்ளை என்று. 'கொள்ளையர்கள்' என்ற ஒற்றைச் சொல்லை அந்தப் பட்டியல் 15 குடும்பத்தலைவர்களும் பையன்களுமாக ஆக்கிவிட்டது. குடும்பங்கள் மெக்சிகோவில் வாக்குமூலம் கொடுத்தன, அந்த ஜூனில் ஐந்து ரேஞ்சர்கள் வேலையிழந்தார்கள், ஃபாக்ஸ் ராஜினாமா செய்ய வேண்டிவந்தது. ஒருவர்மேலும் வழக்கு இல்லை. எனக்கு ஆறவே ஆறாத இடம் அது.

அடுத்த வருஷம், அன்றைய டெக்சஸ் சட்டமன்றத்தில் மெக்சிக வம்சாவளியிலிருந்து இருந்த ஒரே உறுப்பினரான ஹோசே தோமாஸ் கனாலெஸ், அவரும் வக்கீல்தான், ரேஞ்சர்கள்மேல் 19 குற்றச்சாட்டுகளை வைத்தார். அதற்கு முன்பே ஃபிராங்க் ஹேமர் என்ற ரேஞ்சர் அவரைத் தெருவிலேயே மிரட்டியிருந்தார் (பின்னாளில் போனி, கிளைடு என்ற கொள்ளைக்கார ஜோடியைச் சுட்டு வீழ்த்தியதற்காக ஊரே கொண்டாடிய அதே ஹேமர்). இரண்டு வாரம் விசாரணை, 1,600 பக்கத்துக்கு மேல் சாட்சியம். படையின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், மக்கள் புகார் கொடுக்க ஒரு வழி வந்தது, அவ்வளவுதான். அந்தப் பக்கங்களைப் பல பத்தாண்டுகள் பொதுமக்கள் யாரும் பார்க்கவில்லை. ஆனால் அவை அழியவும் இல்லை.

1935-இல் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வந்த பிறகும் பழைய சுபாவம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. 1956-இல் மான்ஸ்ஃபீல்டு பள்ளியில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டபோது, ஆளுநர் அனுப்பிய ரேஞ்சர்கள் காவல் காத்தது அந்த மாணவர்களை அல்ல. 1960-களில் பண்ணைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அவர்கள் ஒடுக்கிய விதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1974-இல் தொழிலாளர் பக்கம் தீர்ப்பானது. மான்ஸ்ஃபீல்டில் நின்ற ரேஞ்சர் ஜே பேங்க்ஸை மாதிரியாக வைத்து வடித்த சிலை டல்லஸ் விமான நிலையத்தில் பல வருஷம் நின்றது, 2020 ஜூனில் அகற்றினார்கள். இன்றைக்கு அந்த மாநிலத்தில் உள்ளூர் போலீஸ் யாரையாவது சுட்டால் பல இடங்களில் விசாரிக்க வருவதே ரேஞ்சர்கள்தான்.

நம் சட்டத்திலும் காவல் மரணத்தில் மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். என்கவுன்ட்டரை வேறு ஸ்டேஷனோ சிஐடியோதான் விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இலேயே சொல்லிவிட்டது. சரி, ஆனால் அந்த விசாரணைக்குக் குடும்பம் எதைக் கொண்டுபோகும்? எட்டு மாதம் கழித்துக் குறுக்கு விசாரணையில் "மணி எத்தனை இருக்கும்?" என்று கேட்டால் தாய்க்குப் பதில் வராது. அதனால் இப்போதெல்லாம் ஒரு குடும்பம் என் அலுவலகத்துக்கு வந்தால், வக்காலத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை நீட்டுகிறேன். யார் வந்து கூட்டிப்போனார்கள், மணி என்ன, வண்டி நம்பர் என்ன, அப்போது என்ன சட்டை போட்டிருந்தான், பக்கத்து வீட்டில் யார் பார்த்தார்கள். எழுதத் தெரியாது என்றால் அவர்கள் சொல்லச் சொல்ல ஜூனியர் எழுதுவார், கடைசியில் தேதியும் கைநாட்டும். போன வாரம் ஒரு அம்மா மகன் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டு அழுதுகொண்டே இருந்தார். பேனாவை மூடாமல் காத்திருந்தோம்.